கூடுவிட்டுக் கூடு பாய்தல்: திருமூலநாயனார் வரலாற்றை முன்வைத்து ஒரு சிந்தனை

சிவமயம்

ஐப்பசி மாதத்து அசுவினி நட்சத்திரம் திருமூலநாயனாரின் குருபூசைத் தினமாகும். அன்று மாலை எமது ஆலய வசந்த மண்டபத்திலே பெரியபுராணத்தில் உள்ள அவரது புராணத்தைப் படித்துப் பயன் சொல்வது நெடுங்கால வழக்கம். ஒருவர் இராகத்தோடு படிக்க, மற்றவர் பொருள் விரிப்பார். இடம்பெயர்ந்திருந்த காலங்கள் நீங்கலாக முப்பது ஆண்டுகளாகப் பயன் சொல்லும் தொண்டு அடியேனிடம் இருந்து வருகின்றது. ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது வேறெதையும் எழுத மனம் ஒப்பவில்லை. இப்புராணத்துக்கு அடியேன் ஒருமுறை பிழையாகப் பயன் சொன்னதுண்டு. அதனைத் திருத்திச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இப்புராணம் படிக்கும்போதெல்லாம் அடியார்கள் தவறாமற் கேட்கும் கேள்வி ஒன்றுதான். செத்த உடம்பிலே வேறோர் உயிர் வந்து எழும்பியது உண்மையென்றால், செத்தவருடைய உயிரும் இன்னொருவர் உடம்பிலே வந்து எழும்பலாம் அல்லவா? கேட்பவர்களுள் பெரும்பாலோர் வீட்டில் ஒரு படத்துக்கு மாலை போட்டிருப்பவர்கள். ஆகவே இதைப் பொழுதுபோக்குக் கேள்வியாக எண்ணிவிட முடியாது.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். திருக்கயிலையிலே திருநந்திதேவரின் திருவருள் பெற்ற யோகியார் ஒருவர் இருந்தார். சுந்தரநாதர் என்று அவரை வழங்குவர். அகத்திய முனிவரைக் காணும் விருப்பத்தால் அவர் பொதியமலையை நோக்கிப் புறப்பட்டார். கேதாரம், நேபாளத்துப் பசுபதி, காசி, திருக்காளத்தி, காஞ்சி, தில்லை எனத் தலங்கள்தோறும் வணங்கித் தென்திசை வந்தவர், காவிரிக் கரையிலே உள்ள திருவாவடுதுறையை அடைந்தார். வணங்கிவிட்டுப் போக முயன்றும் அத்தலத்தை விட்டு நீங்க மனம் வரவில்லையாம். இத்தலம் இன்று தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. நமக்கும் அதனோடு தொடர்பு உண்டு. நல்லூர் ஆறுமுகநாவலர் பெருமானுக்கு 1849ஆம் ஆண்டு நாவலர் என்ற பட்டத்தை அளித்தது திருவாவடுதுறை ஆதீனமே.

ஒருவாறு புறப்பட்ட யோகியார் காவிரிக் கரையிலே பசுக்கள் கதறுவதைக் கண்டார். சாத்தனூர்ப் பசுக்களை மேய்க்கும் இடையனாகிய மூலன் இறந்து கிடந்தான். பாம்பு தீண்டி இறந்தான் என்று நாம் கதை சொல்வோம். சேக்கிழார் பெருமானோ அவனுடைய வினை முடிந்ததென்றே சொல்லுகிறார். இந்தச் சொல்லை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும். பசுக்கள் அவன் உடம்பைச் சூழ்ந்து நின்று மோந்து கதறின. மூலன் எழுந்தாலன்றி இவற்றின் துயர் தீராது என்று கருதிய யோகியார், தம் உடம்பை ஓரிடத்திலே காவலாக வைத்துவிட்டு மூச்சின் வழியாக மூலனுடைய உடம்பினுள்ளே புகுந்தார். மூலன் திருமூலராய் எழுந்தார். பசுக்கள் நக்கி மோந்து வாலெடுத்துத் துள்ளின.

யோகசித்தி கைவந்தவர் அதனைப் பயன்படுத்தியது எதற்காக என்று பாருங்கள். ஆட்சிக்காகவா? ஆயுளை நீட்டுவதற்காகவா? வாயில்லாச் சீவன்களின் அழுகையைப் பொறுக்கமாட்டாமல் அப்படிச் செய்தார். அதன்பின் செய்ததும் மேய்ப்பனுடைய வேலையே. பசுக்களை மேயவிட்டார், துறையிலே தண்ணீர் காட்டினார், பொழுதுபட அவை கன்றுகளை நினைத்து ஊர்நோக்கி நடக்கப் பின்னே சென்றார். சாத்தனூரிலே பசுக்கள் தத்தம் வீடுகளுக்குள் நுழைந்தன. அவர் தெருவிலே நின்றார்.

அடியேன் பல ஆண்டுகளாக அவசரமாகக் கடந்துபோன இடம் இதற்கு அடுத்து வருவது. பொழுது பட்டும் கணவன் வரவில்லையே என்று காத்திருந்த மூலனுடைய மனைவி தேடிக்கொண்டு வருகிறாள். முகம் மூலனுடைய முகம், உடம்பும் அவனுடையது. ஆனால் நிற்கும் நிலை அவனுடையதாக இல்லை. ஏதோ தீங்கு நேர்ந்துவிட்டதென்று அஞ்சித் தொடப்போகிறாள். அவர் தடுக்கிறார். உனக்கும் எனக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பொதுமடம் ஒன்றினுள் புகுந்து யோகத்தில் அமர்ந்துவிடுகிறார். அவளோ பிள்ளைகளும் சுற்றத்தாரும் இல்லாதவள் என்று சேக்கிழார் சொல்லுகிறார். முப்பது பாடல்கள்கூட இல்லாத இச்சிறு புராணத்தில், வேறு யாரும் இல்லாத ஒரு பெண்ணின் உறங்காத இரவுக்கும் அவர் இடம் வைத்திருக்கிறார். ஒருவருக்கும் சொல்லாமல் அவள் அந்த இரவைக் கழித்தாள்.

மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டாள். சாத்தனூர்ப் பெரியவர்கள் செய்ததை நாம் நன்றாகக் கவனித்தல் வேண்டும். அவர்கள் நேரிலே வந்து, மடத்தில் இருந்தவரை நெருங்கிப் பார்த்து ஆராய்ந்தார்கள். ஆராய்ந்து சொன்னது இது: பித்துப் பிடித்த மயக்கம் அன்று, வேறொன்றின் சார்பும் அன்று, சித்தம் தெளிந்து சிவயோகத்தில் நிற்கும் நிலை இது. பித்து, பிறிதொன்று பற்றிய நிலை, யோகம் என மூன்றையும் அவர்கள் வேறு வேறாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எடுத்த எடுப்பிலே அற்புதம் என்றும் சொல்லவில்லை, பேய் என்றும் சொல்லவில்லை. பின்பு அந்தப் பெண்ணிடம், இவர் முன்போல உன்னோடு உறவாக இருக்கமாட்டார் என்பதை மறைக்காமற் சொல்லி, மயங்கித் துயருற்றவளை அழைத்துக்கொண்டு போனார்கள். அவளுக்கு அவர்கள் பொய்யான நம்பிக்கை கொடுக்கவில்லை.

திருமூலர் பசுக்கள் வந்த வழியே போய்த் தம் பழைய உடம்பைத் தேடினார். வைத்த இடத்தில் அது இல்லை. ஆகமப் பொருளைத் தமிழிலே இவர் வாயினாற் சொல்லுவிக்க வேண்டி இறைவரே அதனை மறைத்தார் என்று யோகத்தால் உணர்ந்தார். திருவாவடுதுறைக்கு மீண்டு, கோயிலின் மேற்கே அரசமரத்தின் கீழ் யோகத்தில் இருந்து, ஆண்டுக்கு ஒரு பாடலாக 3000 ஆண்டுகளில் 3000 பாடல்கள் அருளினார் என்பது வரலாறு. ஒன்பது தந்திரங்களாக அமைந்த அந்நூலே பத்தாந் திருமுறையாகிய திருமந்திரம். உடம்பை இழிவென்று முன்பு எண்ணியிருந்ததையும், அதனுள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதனைப் பேணத் தொடங்கியதையும் அவர் அதிற் பாடியிருக்கிறார். இரவல் உடம்பிலே வாழ்ந்தவர் சொல்வதென்பதால் அவ்வாக்குக்கு ஒரு தனிக் கனம் உண்டென்று அடியேனுக்குத் தோன்றும். சேக்கிழாருக்கு முன்னரே நம்பியாண்டார் நம்பியும் தமது திருவந்தாதியிலே, சாத்தனூரில் ஆநிரை மேய்த்தவனுடைய உடம்பிற் புகுந்தவர் என்று இவரைப் போற்றியுள்ளார்.

இனிச் சாத்திரம் சொல்வதைப் பார்ப்போம். 13ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த மெய்கண்டதேவர் தமது சிவஞானபோதத்தின் இரண்டாஞ் சூத்திரத்தில், உயிர் ஓர் உடம்பை விட்டு இன்னோர் உடம்புக்குப் போவதெப்படி என்பதை விளக்க மூன்று உவமைகள் காட்டுகிறார். பாம்பு தோலுரிப்பது ஒன்று. நனவிலிருந்து கனவுக்குப் போவது மற்றொன்று. மூன்றாவது பரகாயப் பிரவேசம், அதாவது யோகி தன் உடம்பை விட்டு வேறோர் உடம்பிற் புகுந்து வருவது. ஆக, கூடுவிட்டுக் கூடு பாய்தல் மெய்கண்டாருக்கு ஓர் உவமையாகவே பயன்படுகிறது. பாம்பு உரியும்போது தோல் கிடக்க உயிர்ப்பொருள் போய்விடுகிறது. கனவிலே கிடக்கும் உடம்பை மறந்து வேறோர் உடம்போடு நடமாடுகிறோம். உடம்பு வேறு, உயிர் வேறு. உடம்பு விழுந்தாலும் உயிர் அழிவதில்லை. இதனை உணர்த்தவே அவர் இவற்றைச் சொன்னார்.

பருவுடம்பு விழும்போது ஆன்மா சூக்கும உடம்போடு நீங்குகிறது. புரியட்டகம் என்று நூல்கள் சொல்வது அதனையே. ஐந்து தன்மாத்திரைகளும் மனம், புத்தி, அகங்காரம் என்னும் மூன்றும் சேர்ந்த எட்டின் தொகுதி அது. அதனோடு சென்று, செய்த வினைக்கு ஏற்பத் துறக்க நரகங்களில் நுகர வேண்டியதை நுகர்ந்து, இறைவனுடைய ஆணைப்படி அடுத்த கருவை அடைகிறது. வினை தானாக வந்து பொருந்தாது. உயிரும் தான் விரும்பிய உடம்பைத் தானே தேடி எடுத்துக்கொள்ள மாட்டாது. கூட்டுவிப்பவன் சிவபெருமான். ஒருவருக்குக் கிடைத்த உடம்பு அவருடைய பிராரத்த வினைக்கென்றே அளந்து கொடுக்கப்பட்டது. அந்த வினை முடியும்வரை அது அவருக்கு உரிய வீடு. மூலனுடைய வினை முடிந்ததென்று சேக்கிழார் சொன்னதை நினைவில் வைக்கும்படி கேட்டது இதற்காகத்தான். யோகியார் புகுந்தது குடியிருந்தவர் போய்விட்ட வெறுவீட்டினுள். உயிரோடிருக்கும் ஒருவருடைய வீட்டினுள் அவர் புகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த உடம்பிலே எழுந்தவர் மூலன் அல்லர். மூலனுடைய உயிர் தன் வழியே போய்விட்டது, திரும்பி வரவில்லை. இறந்தவர் மீண்ட கதையென்று இப்புராணத்தை நினைப்பவர்கள் இதனை மறந்துவிடுகிறார்கள்.

இத்தகைய வரலாறுகள் வேறும் உள்ளன. மண்டனமிசிரரின் மனைவி உபயபாரதி இல்லறம் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு விடை காண்பதற்காக ஆதிசங்கரர் இறந்துபோன அமருகன் என்னும் அரசனுடைய உடம்பிற் புகுந்தார் என்று சங்கரவிசயம் கூறும். மன்னனின் புதிய அறிவைக் கண்டு ஐயுற்ற அமைச்சர்கள், நாட்டிலே கிடக்கும் பிணங்களையெல்லாம் எரிக்கும்படி ஆட்களை ஏவினார்களாம். சங்கரர் தப்பித் தம் உடம்புக்கு மீண்டார். அருணகிரிநாதர் இறந்த கிளியின் உடம்பிற் புகுந்து பாரிசாத மலர் கொண்டுவரச் சென்ற வேளையில் அவருடைய உடம்பை எரித்துவிட்டார்கள் என்பது கர்ணபரம்பரை. திருவண்ணாமலையிற் கிளிக்கோபுரம் உண்டு. இக்கதைகளிலும் புகுந்தவர் யோகி, புகுந்த உடம்பு உயிரற்றது. இடையனும் அரசனும் கிளியும் எழுந்து நடமாடினாலும் அவரவர் உயிர் மீளவில்லை.

இக்காலத்து ஆராய்ச்சியாளர்களும் இதனை விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இயன் ஸ்டீவன்சன் (1918 - 2007) முற்பிறப்பை நினைவுகூர்வதாகச் சொல்லும் குழந்தைகளைத் தேடி எமது நாட்டுக்கும் வந்தவர். இலங்கையிலே தாம் ஆராய்ந்த பத்துக் குழந்தைகளைப் பற்றி 1977இல் ஒரு நூல் வெளியிட்டார். இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலே 1985இல் மயங்கி விழுந்து இறந்துவிட்டதாக எண்ணப்பட்ட ஓர் இளம்பெண், விழித்தெழுந்து, இரண்டு மாதங்களுக்கு முன் இறந்த வேறொரு பெண்ணாகத் தன்னைச் சொல்லிக்கொண்டாள். கணவனையும் குழந்தையையும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஸ்டீவன்சனும் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்து உளவியலாளர் சத்வந்த் பஸ்ரிச்சாவும் இதனை விசாரித்து எழுதிய கட்டுரை 1989இல் வெளிவந்தது. அறிஞர்கள் பலர் இவற்றை ஏற்கவில்லை. மறுபிறப்பு நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று ஸ்டீவன்சனும் சொன்னவர் அல்லர். 1966இல் வெளிவந்த தமது நூலின் தலைப்பிலேயே, மறுபிறப்பைச் சுட்டும் நிகழ்வுகள் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். அடியேனுக்கு இதிற் பெரிதாகப் பட்டது, அந்தக் கணவனும் குழந்தையும் சாத்தனூர்ப் பெண்ணின் நிலையில் நின்றதுதான்.

இனி அடியேனின் பிழைக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலே எமது ஊர்த் தாய் ஒருவர் பதினொரு வயது மகனைப் பறிகொடுத்தார். உடல் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஆவணியில், அயலிலே உள்ள ஒரு பெண்பிள்ளைக்குத் திடீரென நடுக்கம் கண்டு குரல் மாறியது. தன்னை அந்தப் பையனின் பெயரால் அழைத்துத் தண்ணீர் தண்ணீர் என்று கத்தினாள். ஊரே கூடிவிட்டது. தாய் ஓடிவந்து அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்று கூட்டத்தில் நின்ற ஒருவர் அடியேனைப் பார்த்து, இது நடக்குமோ மாஸ்ரர் என்று கேட்டார். ஏன் நடவாது, திருமூலர் வரலாற்றில் நடந்ததுதானே என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். புராணம் தெரிந்தவன் என்ற பெருமை அப்படிச் சொல்ல வைத்தது என்பதை இன்று ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தாய் மூன்று மாதங்கள் அந்த வீட்டு வாசலிலே கிடந்தார். மகனுக்கு விருப்பமான மீன்பொரியலும் புட்டும் ஒவ்வொரு நாளும் போயின. மகனுடைய சேட்டை அந்தப் பெண்பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தார். குறி சொல்பவர்களிடம் இருந்த காப்பும் போனது. அந்தப் பிள்ளையோ பாடசாலையை விட்டு, உணவு இறங்காமல் மெலிந்துபோயிற்று. அதுவும் அலைக்கு ஓடித் தப்பிய பிள்ளை, கண்ணெதிரே பலர் அள்ளுண்டு போனதைப் பார்த்த பிள்ளை. இதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. கடைசியில் அதன் மாமன் பிடிவாதமாக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். மனநல வைத்தியர் மாதக்கணக்கிலே பொறுமையாகப் பேசிப் பேசிக் குணமாக்கினார். பிள்ளை தேறியபோது அத்தாய்க்கு மகன் இரண்டாந்தரம் செத்தான்.

சாத்தனூர்ப் பெரியவர்களைப் போல நாங்கள் கிட்டப் போய்ப் பார்த்திருந்தால் இவ்வளவும் வந்திராது. பித்தோ, பிறிதொன்றோ, யோகமோ என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். நாங்கள் புதினம் பார்த்தோம்.

அம்மன் வாசலிலே உரு வந்து ஆடுவோரையும் வாக்குச் சொல்வோரையும் அடியேன் இங்கே குறை சொல்ல வரவில்லை. தெய்வம் தன் அடியார்மேல் வருவதாகக் கொள்ளும் வழிபாடு வேறு, அது எங்கள் பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். இறந்த பிள்ளையோ கணவனோ இன்னொருவர் உடம்பிலே வந்து பேசுகிறார் என்பது வேறு. ஆழிப்பேரலைக்குப் பின்னரும் 2009இல் முடிந்த போருக்குப் பின்னரும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ஆற்றாமையிலே இருப்பவர்களிடம் காசு வாங்கியவர்களை நாம் கண்டோம். உயிரோடிருக்கும் ஒரு பிள்ளையின் உடம்பு அதன் வினைக்கு இறைவன் கொடுத்தது. இன்னொருவருடைய துயரத்தை ஆற்றுவதற்காக அதனைப் பறித்துக்கொள்ள எமக்கு உரிமை இல்லை.

இறந்தவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லையென்று இதனை எடுத்துக்கொள்ள வேண்டாம். கீரிமலையில் அந்தியேட்டி, ஆட்டைத் திவசம், தந்தைக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி எனப் பெரியோர் வகுத்தவை எல்லாம், போன உயிரைத் திருப்பி அழைப்பதற்கு ஏற்பட்டவை அல்ல, அதனை வழியனுப்புவதற்கு ஏற்பட்டவை. காணாமற் போனவர்களுக்கு எப்போது செய்வது என்ற கேள்வியோடு எமது ஊரிலும் சில வீடுகள் இருக்கின்றன. திகதி சொல்லி அவர்களை நெருக்க அடியேனுக்கு மனம் வரவில்லை. உயிரோடிருக்கிறார் என்று காத்திருப்பவரைக் காத்திருக்க விடுவதும் அன்புதான்.

அந்தத் தாய் இப்போது நாலைந்து பசுக்கள் வைத்திருக்கிறார். ஆலய அபிடேகத்துக்குப் பால் அவருடைய வீட்டிலிருந்தே வருகிறது. சென்ற குருபூசையன்று புராணம் படிக்கையில் தூணோரம் இருந்து கேட்டார். இம்முறை மூலனுடைய மனைவி வரும் இடத்தை அடியேன் நின்று நிதானித்துச் சொன்னேன். எல்லோரும் பிரசாதம் வாங்கிப் போனபின் கிட்ட வந்தார்.

"மாஸ்ரர், அந்தப் பெம்பிளை பிறகு என்ன செய்தாள்?"

"அது புராணத்தில் இல்லைப் பிள்ளை. ஊரவை கூட்டிக்கொண்டு போனதோடை நிக்குது."

கொஞ்சநேரம் பேசாமல் நின்றார். வெற்றுப் பாற்செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்ப அந்த மாடுகளை அடுத்தநாள் ஆர் சாய்ச்சுக்கொண்டு போனது?" என்று கேட்டார்.

முப்பது ஆண்டுகளாகப் பயன் சொல்லியும் அது அடியேனின் மனதில் எழாத கேள்வி. பதிலுக்குக் காத்திராமல், கறவைக்கு நேரமாயிற்று என்று சொல்லித் தெற்கு வாசலால் இறங்கிப் போய்விட்டார்.